மட்கார்டை வெட்டுறதுக்கு முன்னாடி: பழைய ஹெரால்டுக்கு ஃபெண்டர் ஃபிளேர் போட உண்மையில் எவ்வளவு ஆகும்?

"எழுபதாயிரம் தான் சார், டிங்கர் சொல்லிட்டாரு. எஃப்டியில இருந்து எடுத்துக்கலாமா?"

விம்கோ நகர் ஆபீசுக்கு ஐ.டி. ரிட்டர்ன் விஷயமா வந்த ஒரு அண்ணன், பேச்சோட பேச்சா கேட்ட கேள்வி இது. எண்ணூர் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் சூப்பர்வைசர். வீட்டு வாசல்ல அவங்க அப்பா விட்டுட்டுப் போன 1966 மாடல், ரெண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நிக்குது. அதுக்கு நாலு பக்கமும் மட்கார்டை அகலப்படுத்தி, பெரிய டயர் போட்டு, பழைய ரேஸ் கார் மாதிரி ஆக்கணும்னு ஆசை. எஃப்டியில் மூன்றரை லட்சம் இருக்கு. ரெண்டு வருஷத்துல பொண்ணு காலேஜ் சேரணும். அந்தப் பணமும் இதே எஃப்டிதான்.

வீடியோவில் இந்தக் கணக்கைப் பத்து நிமிஷத்துல ஓட்டிட்டேன். நிறைய பேர் விவரமா எழுதச் சொன்னீங்க. ஹெரால்டு இல்லாதவங்களும் படிக்கலாம். ஃபியட், பழைய ஜாவா, புல்லட்னு எதை மாத்தி அமைக்க நினைச்சாலும் யோசிக்க வேண்டிய முறை இதேதான்.

முதல்ல, ஃபிளேர்னா என்ன? சக்கரத்துக்கு மேல இருக்கும் மட்கார்டின் வளைவை வெளிப்பக்கமா விரிக்கிறதுதான். அகலமான டயர் போட்டா அது பாடியைத் தாண்டி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும். கல்லு, சேறு எல்லாம் தெறிக்கும். அதை மூடத்தான் ஃபிளேர். ரேஸில் பிறந்த விஷயம் இது. நிசான் 1970-ல் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ரெண்டு கதவு மாடலின் பின் சக்கரத்துக்கு மேல தனியா ஒரு ஃபிளேரை வச்சு அடிச்சே வித்தது. பிஎம்டபிள்யூ 1973-ல் 2002 டர்போவை அதே மாதிரி கொண்டு வந்தது. மொத்தமே 1,672 வண்டிதான் செஞ்சாங்க. இன்னைக்கு ரெண்டுமே பணக்காரங்க தேடி வாங்கும் வண்டி.

இங்கேதான் நம்ம ஆட்கள் ஒரு தப்புக் கணக்குப் போடுறாங்க. "ஃபிளேர் இருக்கிற வண்டிக்கு மதிப்பு அதிகம்"னு. அந்த வண்டிகளுக்கு மதிப்பு, ஃபேக்டரியே அப்படிச் செஞ்சதால். அதாவது, அதுதான் அந்த வண்டியோட ஒரிஜினல். நீங்க வாசல்ல வச்சு கட்டிங் வீல்ல அறுத்தா, உங்க வண்டி ஒரிஜினல்ல இருந்து விலகிப் போகுது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், கணக்குல நேர் எதிர். ஜப்பானில் அகிரா நகாய்னு ஒருத்தர் பழைய போர்ஷே 911-களை அறுத்து ஃபிளேர் வைக்கிறதையே தொழிலா வச்சிருக்கார், அதுக்கும் வாங்க ஆள் இருக்கு. ஆனா அந்த மதிப்பு அவர் கைக்கு, அவர் பேருக்கு.

ஹெரால்டை ஸ்போர்ட்ஸ் கார்னு சொல்லலாமான்னு சிலர் சண்டைக்கு வருவீங்க. இங்கிலாந்தில் டிரையம்ப் 1959-ல் ஹெரால்டைக் கொண்டு வந்தது. வடிவமைச்சவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. அதே சேஸிஸைக் குட்டையாக்கித்தான் 1962-ல் ஸ்பிட்ஃபயர்னு ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் செஞ்சாங்க. நம்ம ஊரில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் 1961-ல் இருந்து ஹெரால்டைச் செஞ்சது. சோழவரம் ஏர்ஸ்ட்ரிப்பில் ரேஸ் நடந்த காலத்தில் ஃபியட்டோடும் அம்பாசடரோடும் ஓடின வண்டி. இருங்காட்டுக்கோட்டை டிராக் 1990-ல் வர்ற வரைக்கும் மெட்ராஸ் ரேஸ்னா சோழவரம்தான். நம்ம பக்கத்துக்கும் கார் புதுசில்ல. இன்னைக்கு லாரியும் பஸ்ஸும் செய்யும் எண்ணூர் லேலண்ட், அசோக் மோட்டார்ஸா இருந்தப்ப 1949-ல் ஆஸ்டின் ஏ40 காரைத்தான் பூட்டிக்கிட்டு இருந்தது. அதனால இந்த பெல்ட்ல தகடு வேலை தெரிஞ்ச கை நிறைய உண்டு. வேலை நடக்குமாங்கிறது பிரச்சினையே இல்ல. சொன்ன தொகையில் முடியுமாங்கிறதுதான் கேள்வி.

எழுபதாயிரம் எப்படி மூணு லட்சம் ஆகுது

அண்ணன்கிட்ட ஒரு பேப்பரை எடுத்து வச்சு, ஒவ்வொண்ணா அவரையே சொல்லச் சொன்னேன். தொகை எல்லாம் அவர் நாலு இடத்துல விசாரிச்சது. உங்க ஊரில் கூடும், குறையும்.

டிங்கர் சொன்ன 70,000 எதுக்கு? நாலு மூலையிலும் தகடு வெட்டி, வெல்டு அடிச்சு, பட்டி பார்த்து, அந்த இடத்துக்கு மட்டும் பெயிண்ட். ஆனா அறுபது வருஷம் வெயில் பார்த்த பெயிண்டோட புது பெயிண்ட் சேராது. நாலு மூலை மட்டும் தனியாத் தெரியும். ஆக முழு பாடி பெயிண்ட். அது 90,000. ஃபிளேர் போடுறதே அகல டயருக்காகத்தான். பழைய 13 இன்ச் ஒல்லி டயரை உள்ளே விட்டுட்டு வெளிய ஃபிளேர் வச்சா, பெரியவர் சட்டையைச் சின்னப் பையன் போட்ட மாதிரி இருக்கும். நாலு ரிம், நாலு டயர், 80,000.

அடுத்தது யாரும் எஸ்டிமேட்டில் எழுதாத வரி. ஹெரால்டின் பின்பக்கம் ஸ்விங் ஆக்ஸில். சக்கரத்தை வெளிப்பக்கமா தள்ளி வச்சா, ஹாஃப் ஷாஃப்டும் பேரிங்கும் தாங்க வேண்டிய பாரம் கூடிடும். முன்பக்கத்துல டிரன்னியன்னு ஒரு பாகம் இருக்கு, ஒழுங்கா ஆயில் விடலைன்னா அது தேய்ஞ்சு உடையும்னு ஹெரால்டு வச்சிருக்கிறவங்க எல்லாருக்கும் தெரியும். அதையும் பார்த்துட்டுத்தான் அகல டயர் போடணும். பேரிங், முன்பக்க வேலை, அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து 35,000.

கூட்டுங்க. 2,75,000. பழைய வண்டியைப் பிரிச்சா உள்ளே ஏதாவது ஒண்ணு காத்துக்கிட்டு இருக்கும், அதுக்குப் பத்து சதவீதம் வைங்க. மூணு லட்சம் வந்துடுச்சு. பில்லோட செய்யும் கடைன்னா வேலைக்கும் பார்ட்ஸுக்கும் 18% ஜிஎஸ்டி தனி. "பில் இல்லாம முடிச்சுக்கலாம் சார்"னு சொல்லாதீங்க. ஏன்னு கடைசியில் சொல்றேன்.

இதுக்கு மேல நம்ம ஏரியாவுக்கே உரிய ஒரு செலவு உண்டு, உப்புக்காத்து. விம்கோ நகரில் இருந்து கடல் எவ்வளவு தூரம்னு உங்களுக்கே தெரியும். புது வீட்டு ஜன்னல் கிரில்லே ரெண்டு வருஷத்துல துரு கக்குது. மட்கார்டை வெட்டி, மேல இன்னொரு தகட்டை வச்சு அடிச்சா, ரெண்டுக்கும் நடுவுல ஈரம் தங்க ஒரு பை உருவாகுது. வெளியே பட்டியும் பெயிண்டும் பளபளன்னு இருக்கும், உள்ளே தகடு கரைஞ்சுக்கிட்டே வரும். வெட்டின விளிம்பில் துருத் தடுப்பு பிரைமர், சீலர், வருஷத்துக்கு ஒரு தடவை கழட்டிப் பார்க்கிறது, இதெல்லாம் தொடர் செலவு. கோயம்புத்தூர்க்காரருக்கு இந்தக் கவலை கம்மி.

இப்ப பணம் எங்கே இருந்து வருதுன்னு பார்க்கலாம். மூணு லட்சத்தைப் பர்சனல் லோனா 14% வட்டியில் மூணு வருஷத்துக்கு எடுத்தா, மாசம் சுமார் 10,250 ரூபாய் இஎம்ஐ. மொத்தம் கட்டுற வட்டி கிட்டத்தட்ட 69,000. எஃப்டியை உடைச்சா? 7% வட்டியில் மூணு வருஷத்தில் வந்திருக்க வேண்டிய 67,500 போச்சு. பாதியில் உடைச்சதுக்கு வங்கி வட்டியைக் குறைக்கிறது வேற. அதாவது ரெண்டு வழியும் ஏறக்குறைய ஒரே செலவுதான். ஆனா எஃப்டியில் காலேஜ் ஃபீஸும் சேர்ந்து போகுது. கார் வேலை நாலு மாசம் தள்ளிப் போனா யாரும் கேட்க மாட்டாங்க, காலேஜ் கவுன்சிலிங் தேதி தள்ளிப் போகாது. அதனால அந்தப் பணத்தை அந்த வேலைக்கே விடச் சொன்னேன். இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல.

வெட்டினா போறது எது

2021 ஜூலையில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் வின்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டு வந்தது. முதல் ரெஜிஸ்ட்ரேஷன் ஆகி 50 வருஷம் தாண்டின கார், பைக்குகளை வின்டேஜ் வண்டியாப் பதிவு பண்ணலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே நம்பர் இருக்கிற வண்டிக்கு அப்பா காலத்து அதே நம்பரை வச்சுக்கலாம். விதியில் ஒரு நிபந்தனை இருக்கு. வண்டி அதன் அசல் வடிவத்தில் இருக்கணும், சேஸிஸ், பாடி ஷெல், இன்ஜின் இதுல பெரிய மாற்றம் செஞ்சிருக்கக் கூடாது.

1966 ஹெரால்டு 2016-லேயே 50 தாண்டிடுச்சு. மட்கார்டை அறுக்காத வரைக்கும் அது வின்டேஜுக்குத் தகுதியான வண்டி. அறுத்துட்டா, பார்வையிட வர்ற அதிகாரி முன்னாடி நீங்க என்ன சொல்லப் போறீங்க?

வின்டேஜ் பதிவால் என்ன லாபம்னு ரூபாயில் பார்த்தா, உண்மையைச் சொல்லணும், சின்னத் தொகைதான். 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்புப்படி, 20 வருஷம் தாண்டின சாதாரண காரின் பதிவைப் புதுப்பிக்க 10,000 ரூபாய், அதுவும் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை. வின்டேஜில் முதல் பத்து வருஷம் அதே செலவு, அடுத்த பத்துல மிச்சம். இன்ஷூரன்ஸில் 1000 சிசிக்குள் இருக்கும் காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் 2,094 ரூபாய். வின்டேஜா பதிவான காருக்கு 2022 ஜூன் முதல் இதுல பாதி தள்ளுபடி. ஹெரால்டு 948 சிசி, ஆக 1,047. இந்த ஆயிரம் ரூபாய்க்காக யாரும் வின்டேஜ் எடுக்கிறதில்லை. வித்தா தெரியும். வாங்க வர்றவர் முதல்ல கேட்கிறது "ஒரிஜினலா?" ரெண்டாவது கேட்கிறது பேப்பர். ரெண்டுக்கும் ஒரே பதில் அந்தச் சான்று.

மறுபக்கமும் சொல்லிடுறேன். வின்டேஜா பதிவு பண்ணா தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குன்னு மட்டும்தான். ஞாயித்துக்கிழமை காசிமேட்டுக்கு மீன் வாங்க எடுத்துட்டுப் போற வண்டின்னா, இது உங்களுக்கான பதிவு இல்ல. அப்ப கணக்கு வேற மாதிரி.

ஆனா வின்டேஜ் வேண்டாம்னு விட்டாலும் சட்டம் விடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கும் ஆர்சியில் இருப்பதற்கும் முரணா வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒண்ணில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாச் சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு மாத்தி எழுதப்பட்டது. அனுமதி இல்லாம மாத்தின உரிமையாளருக்கு ஆறு மாசம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ரெண்டும். பாடியை வெட்டி அகலப்படுத்துறது இந்த வலைக்குள்ள வரும்னு எடுத்துக்கிட்டுத்தான் நீங்க திட்டம் போடணும். "ரோட்டுல எத்தனை ஜீப் ஓடுது"ங்கிறது ஒரு வாதமே இல்ல. பிடிபட்டவர் கையில் இருக்கிறது உங்க ஆர்சி, பக்கத்து ஜீப்போடது இல்ல.

இன்ஷூரன்ஸ் இதைவிட முக்கியம். அஞ்சு வருஷம் தாண்டின காரின் காப்பீட்டு மதிப்பு நீங்களும் கம்பெனியும் பேசி ஒத்துக்கிற தொகை. எந்த வண்டியைக் காட்டி ஒத்துக்கிட்டீங்களோ அந்த வண்டிக்குத்தான் பாலிசி. மாற்றத்தை எழுத்துல தெரிவிக்காம விட்டுட்டு, நாளைக்கு எக்ஸ்பிரஸ் ரோட்டுல ஒரு கன்டெய்னர் லாரி உரசிட்டா, சர்வேயர் முதல்ல பார்க்கிறது அந்த ஃபிளேரைத்தான். க்ளெய்ம் அங்கேயே சிக்கும்.

வெட்டாம செய்ய வழி உண்டா

உண்டு. ஹெரால்டுக்கு இருக்கிற பெரிய அதிர்ஷ்டமே இதுதான். அதோட முன் மட்கார்டு ரெண்டும் பானெட்டோட சேர்ந்தது. முழு மூக்கும் ஒரே துண்டா முன்பக்கமா சாயும், போல்ட்டைக் கழட்டினா தனியா வந்துடும். அப்ப ஒரிஜினல் இரும்பு பானெட்டைத் தொடாதீங்க. அதை அச்சா வச்சு மோல்டு எடுத்து, ஃபிளேரோட சேர்த்து ஒரு ஃபைபர் பானெட் செய்யச் சொல்லுங்க. படகுக்கு ஃபைபர் வேலை பார்க்கிற கை நம்ம கடலோரத்துல நிறைய இருக்கு. துருவும் பிடிக்காது. ஒரிஜினலைத் துணி சுத்தி மொட்டை மாடி ரூம்ல பத்திரமா வைங்க. என்னைக்கு வேணும்னாலும் பழையபடி மாட்டிடலாம்.

பின்பக்கம் இந்த வசதி இல்ல, மட்கார்டு பாடியோட ஒட்டினது. அங்கே வளைவுக்குள்ளேயே அடங்குற டயரோட நிறுத்திக்கிட்டா போதும். போட்டோவில் கொஞ்சம் கம்மியாத் தெரியும், அவ்வளவுதான்.

இதுவும் சட்டத்தின் கண்ணுக்கு மாற்றம்தான், மறந்துடாதீங்க. ரோட்டுல அந்த பானெட்டோட ஓட்டணும்னா முதல்ல ஆர்டிஓ ஆபீசில் எழுத்தில் கேளுங்க, பதிலை ஃபைல்ல வைங்க. ஷோவுக்கும் டிராக்குக்கும் மட்டும்னா வண்டியை ஏத்திக்கிட்டுப் போங்க. இதுல இருக்கிற வித்தியாசம் ஒண்ணுதான். திரும்பி வர முடியுற செலவு, திரும்பி வர முடியாத செலவு. மூணு லட்சம் போனா சம்பாதிச்சுக்கலாம். அறுத்த ஒரிஜினல் மட்கார்டுக்கு இன்னொண்ணு தேட, கம்பெனியே இன்னைக்கு இல்ல.

ஒரு விதிவிலக்கு. உங்க வண்டி ஒருவேளை அந்தக் காலத்துலேயே சோழவரத்துல ஓடி, அப்பவே ஃபிளேர் வச்ச வண்டியா இருந்தா, அதைப் பிடுங்காதீங்க! பழைய வண்டிகளுக்கான உலக அமைப்பான ஃபிவா, அந்தக் காலத்திலேயே செய்த மாற்றத்தைத் தனி வகையாவே ஏத்துக்குது. பழைய போட்டோ, ரேஸ் நிகழ்ச்சி நிரல், பரிசுக் கோப்பை, அப்பாவோட கையெழுத்து இருக்கிற நோட்டு எல்லாத்தையும் சேர்த்து வைங்க. அந்தக் கதைக்கு விலை உண்டு.

அண்ணனுக்கு நான் சொன்னது: மாசம் 8,000 ரூபாய்க்கு ஒரு ஆர்டி போடுங்க. 6.5% வட்டியில் மூணு வருஷத்துல 3,15,000 தாண்டும். எஃப்டி பொண்ணுக்கு, ஆர்டி ஹெரால்டுக்கு. அதுக்குள்ள பொண்ணும் காலேஜ் சேர்ந்திருக்கும். அவர் முகம் கொஞ்சம் சுருங்குச்சு, ஆனா அறுக்கிற தேதியைத் தள்ளி வச்சிருக்கார். பின்பக்க விஷயத்துல இன்னும் என்னோட ஒத்துப் போகலை.

விக்கும்போது வரி

கேட்காம விட்டா நான் சிஏவே இல்ல. சொந்த உபயோகத்துக்கு வச்சிருக்கிற கார், வருமான வரிச் சட்டத்தில் மூலதனச் சொத்து கணக்கில் வராது. லாபத்துக்கு வரியும் இல்ல, நஷ்டத்தைக் கழிக்கவும் முடியாது. 2026 ஏப்ரலில் இருந்து அமலுக்கு வந்த புதுச் சட்டத்திலும் இந்த விலக்கு தொடருது. ஆனா "பழைய கார், அதனால வரி இல்ல"ன்னு முடிவு பண்ணிடாதீங்க. மும்பையில் ஒரு வழக்கு. 1931 மாடல் ஃபோர்டு டூரரை 1983-ல் 20,000 ரூபாய்க்கு வாங்கி, பிறகு 21 லட்சத்துக்கு வித்தார் ஒருத்தர். சொந்த உபயோகம், வரி கிடையாதுன்னார். ஓட்டினதுக்கு ஆதாரம் எங்கேன்னு துறை கேட்டது. காட்ட முடியலை. தீர்ப்பாயத்திலும் அவருக்கு எதிரா முடிஞ்சது. சொந்த உபயோகத்துக்குத் தகுந்த வண்டின்னு சொன்னா போதாது, உபயோகிச்சிருக்கணும்.

அதனால பெட்ரோல் பில், இன்ஷூரன்ஸ், சர்வீஸ் பில், கல்யாணத்துக்கு எடுத்துட்டுப் போன போட்டோ, எல்லாம் ஒரு ஃபைல்ல இருக்கணும். ஃபிளேர், பெயிண்ட் வேலைக்கும் பில் வாங்குங்க. நாளைக்கு வண்டி சொந்த உபயோகம் இல்லைன்னு முடிவானா, நீங்க போட்ட செலவைக் கழிக்க அந்தப் பில்தான் ஆதாரம். இன்ஷூரன்ஸ்காரருக்கும் அதையே காட்டணும்.

சொந்தமா ஷாப் வச்சிருக்கிற சிலர், "கம்பெனி செலவுல எழுதிடலாமா?"ன்னு கேட்பீங்க. முடியாது. சொந்த காருக்கான அலங்காரம் தொழில் செலவு ஆகாது. ஜிஎஸ்டியில் 13 சீட் வரைக்கும் இருக்கிற வண்டியோட ரிப்பேருக்கு இன்புட் கிரெடிட்டும் பொதுவா கிடைக்காது, பிரிவு 17(5) அதைத் தடுக்குது.

வின்டேஜ் பதிவுக்குப் போறவங்க படிவம் 20, செல்லுபடியாகும் இன்ஷூரன்ஸ், பழைய ஆர்சி, கட்டணம் இதோட விண்ணப்பிக்கணும். இறக்குமதி வண்டின்னா பில் ஆஃப் என்ட்ரியும் சேர்த்து. 60 நாளுக்குள்ள படிவம் 23ஏ-வில் சான்று தரணும்னு விதி சொல்லுது. அப்பா பேர்லயே ஆர்சி இருந்தா, முதல்ல வாரிசுச் சான்றோட பேர் மாத்திட்டு வாங்க. வர்ற வண்டியில் பாதிக்கு மேல அங்கேதான் மாட்டிக்குது.